கப்சாய் மோட்டார் சைக்கிளை லோரியில் ஏற்றிக் கட்டுவது: பலகை போடுவதிலிருந்து இறக்கும் வரை

பிள்ளைக்கு வடக்கே சிந்தோக்கிலோ தெற்கே பத்து பஹாட்டிலோ படிக்க இடம் கிடைத்தால், பேராக், சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் மோட்டார் சைக்கிள் கடைக்கு அடுத்த வாரமே ஆள் வந்துவிடும். "அண்ணே, மோட்டாரை அங்கே எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?" புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளையை அவ்வளவு தூரம் நெடுஞ்சாலையில் ஓட்டிப் போகச் சொல்ல எந்த அப்பா அம்மாவுக்கும் மனம் வராது. மாமாவிடம் ஒரு டன் லோரி இருக்கும், அல்லது சித்தப்பாவிடம் ஹைலக்ஸ் இருக்கும். ஏற்றிக் கட்டத் தெரிந்தால் போதும்.

இது அவர்களுக்காக எழுதியது. இஎக்ஸ்-5, வேவ், கிரிஸ் போன்ற கப்சாய்களை, அதாவது கையில் கிளட்ச் இல்லாத சின்ன மோட்டார்களை வைத்துச் சொல்கிறேன். வேறு மோட்டார் என்றால் எது மாறும் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரையில் மோட்டார் நெடுஞ்சாலையில் விழுவது குறைவு. பலகையில் ஏற்றும்போதும், போய்ச் சேர்ந்த பிறகு பெல்ட்டைத் தளர்த்தும்போதும்தான் அதிகம் விழுகிறது. அந்த இரண்டு இடங்களையும் நிதானமாகப் படியுங்கள்.

1. முதல் நாளே சேர்த்து வைக்க வேண்டியவை

ராட்செட் பெல்ட் நான்கு. கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பட்டை அது. 25 மில்லிமீட்டர் அகலம் கப்சாய்க்குப் போதும். வாங்கும்போது பட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். அதில் இரண்டு எடை போட்டிருக்கலாம். பெரிய எண், பெல்ட் அறுந்துபோகும் எடை. சின்ன எண், வேலைக்கு நம்பக்கூடிய எடை. பெரும்பாலும் பெரியதில் மூன்றில் ஒரு பங்குதான் சின்னது. கடைக்காரர் சொல்வது பெரிய எண்ணை. நீங்கள் பார்க்க வேண்டியது சின்ன எண்ணை. அது 300 கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

நூறு கிலோ மோட்டாருக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பார்கள். சரக்குக் கட்டுவதற்கான ஐரோப்பிய விதிமுறை, இஎன் 12195, லோரி பிரேக் பிடிக்கும்போது சரக்கு தன் எடையில் 80 விழுக்காட்டு விசையோடு முன்னால் தள்ளும் என்றும், வளைவில் பக்கவாட்டில் 50 விழுக்காடு தள்ளும் என்றும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதற்கு மேல் நீங்கள் ஸ்பிரிங்கை அமுக்குவதற்காக பெல்ட்டை இறுக்குகிறீர்கள். குழியில் விழும் அதிர்ச்சியும் சேரும். எல்லாம் ஒரே பெல்ட்டில் வந்து நிற்கும் நொடியும் உண்டு.

பெல்ட் பாலியஸ்டர்தானா என்று பார்த்து வாங்குங்கள். நைலான் மழையில் நனைந்தால் நீளும். நம் ஊரில் மதியத்துக்கு மேல் மழை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ராஃபியா கயிறு வேண்டவே வேண்டாம். அது பொட்டலம் கட்டுவதற்கு.

சாஃப்ட் லூப் நான்கு. இரண்டு முனையிலும் காது தைத்த குட்டைப் பட்டை அது. ஷாப்பி இணையக் கடையில் கிடைக்கும். இரும்புக் கொக்கியை மோட்டாரில் நேராக மாட்டினால் பெயிண்ட் போகும், அசைந்து கழன்றும் விடும். பட்டையை இரும்பில் சுற்றி, ஒரு காதை இன்னொரு காதுக்குள் விட்டு இழுத்து, வெளியே நிற்கும் காதில் கொக்கியை மாட்ட வேண்டும்.

எட்டடிப் பலகை இரண்டு, இரண்டு அங்குல கனம், ஓர் அடி அகலம். ஒன்று மோட்டாருக்கு, இன்னொன்று அதைப் பிடித்து நடக்கும் ஆளுக்கு. இந்த இரண்டாவது பலகையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பலகையைக் கட்டுவதற்குக் கயிறு, பழைய டியூப் ரப்பரில் வெட்டிய துண்டுகள் ஐந்தாறு, அளவு டேப் ஒன்று, இரண்டுக்கு நாலு கட்டையில் ஒரு முழம். ஆள் மூன்று பேர். இரண்டு பேரால் முடியும், ஆனால் மூன்றாவது ஆள் இருந்தால் யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

மோட்டாரின் கிராண்ட் (பதிவுச் சான்று) நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும். வழியில் போலீஸ் ரோட்பிளாக் இருந்து, மோட்டார் யாருடையது என்று கேட்டால் காட்டலாம்.

2. மோட்டாரைத் தயார் செய்வது

இரண்டு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். மெதுவாகக் கசியும் டயரை ஏற்றினால் வழியில் காற்று இறங்கும், மோட்டார் தாழும், பெல்ட் தானாகத் தளரும். பஞ்சர் ஒட்டிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

பெட்ரோல் பாதிக்கும் குறைவாக இருக்கட்டும். பழைய கார்புரேட்டர் மோட்டாரில் பெட்ரோல் குழாய் இருந்தால் மூடிவிடுங்கள். திறந்து விட்டால் குழியில் குலுங்கும்போது பெட்ரோல் வழியும். பக்கக் கண்ணாடிகளையும் கூடையையும் கழற்றி லோரிக்குள் வைத்துவிடுங்கள்.

புகைக்குழாய் ஆறட்டும். ஓட்டி வந்த கையோடு ஏற்றினால், பெல்ட் குழாயில் பட்ட இடத்தில் உருகிவிடும். உருகிய பெல்ட் பார்ப்பதற்குப் பளபளப்பாக இருக்கும், அவ்வளவுதான் தெரியும். பலம் போயிருக்கும்.

திருட்டுக்குப் பயந்து ஹேண்டிலைப் பூட்டாதீர்கள். பூட்டினால் முன் சக்கரம் ஒரு பக்கம் திரும்பியே நிற்கும். இரண்டு பெல்ட்டும் ஒரே அளவு இழுக்காது, பாரம் முழுக்கப் பூட்டின் சின்ன ஊசியில் போய் விழும்.

3. லோரியை எங்கே நிறுத்துவது

ஒரு டன் லோரியின் தளம் தரையிலிருந்து கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் உயரம். அதற்கு எட்டடிப் பலகை போட்டால் சரிவு 19 பாகை வரும். ஏற்றலாம்தான், ஆனால் மூச்சு வாங்கும். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. செம்பனைக் குலை ஏற்றுவதற்காகச் சாலையோரம் மண்ணைக் கொட்டி உயர்த்திய மேடு பல தோட்டங்களில் இருக்கும். லோரியின் பின்பக்கத்தை அதற்கு ஒட்டி நிறுத்தினால், பலகை சமமாகவே கிடக்கும். மோட்டாரை உருட்டிக்கொண்டு நேராக உள்ளே போகலாம். மேடு கிடைக்காவிட்டால் வீட்டு வாசல் சரிவைப் பாருங்கள். லோரி பள்ளத்திலும் நீங்கள் மேட்டிலும் நிற்பது மாதிரி அமைத்துக்கொண்டால் சரி.

கை பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ வையுங்கள். மோட்டாரைத் தள்ளும்போது லோரியையும் சேர்த்துத்தான் தள்ளுகிறீர்கள்.

4. பலகையும் ஏற்றமும்

பலகையின் மேல் முனையைக் கட்டாமல் ஏற்றக் கூடாது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் ஏறும்வரை பலகை அமைதியாக இருக்கும். பின் சக்கரம் பலகையில் ஏறி நீங்கள் பலமாகத் தள்ளும்போது, அதே பலத்தில் பலகை பின்னால் வழுக்கும். தளத்தின் விளிம்பிலிருந்து ஒரு விரல் அளவு நகர்ந்தால் போதும், மோட்டார் அந்தரத்தில் நிற்கும், ஆள் அதற்குக் கீழே நிற்பான்.

சில வருடங்களுக்கு முன் பக்கத்துத் தோட்டத்தில் இப்படி நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். மழை விட்ட நேரம், பலகை ஈரம். பின்னாலிருந்து தள்ளிய பையனின் கணுக்காலில் இஎக்ஸ்-5 விழுந்தது. இரண்டு மாதம் அவன் வேலைக்குப் போகவில்லை. பலகையில் இரண்டு துளை போட்டு, கயிறு விட்டு, லோரியின் அடிச்சட்டத்தில் கட்ட ஐந்து நிமிடம்தான் ஆகும்.

பலகை ஈரமாக இருந்தால் பழைய சாக்கை விரித்து ஆணி அடியுங்கள், அல்லது காயும்வரை காத்திருங்கள். செம்மண் அப்பிய டயரையும் துடைத்துவிடுங்கள்.

இப்போது ஆட்கள். முதல் ஆள் மோட்டாரின் இடப்பக்கம், இரண்டாவது பலகையில் நடப்பார். இரண்டு கையும் ஹேண்டிலில், வலக்கை விரல்கள் முன் பிரேக்கில். இரண்டாவது ஆள் பின்னால், ஆனால் நேர்ப் பின்னால் இல்லை, வலப்பக்கமாக ஒதுங்கி, பின் கம்பியைப் பிடித்துத் தள்ளுவார். மூன்றாவது ஆள் லோரியின் மேல் நின்று முன்பக்கத்தை வாங்கிக்கொள்வார்.

முன் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். சரிவில் மோட்டாரின் எடை பின் சக்கரத்துக்குப் போய்விடும். முன் சக்கரத்தில் பாரம் குறைவாக இருக்கும்போது பிரேக் பிடித்தாலும் அது பலகையில் சறுக்கும். பின்னால் இருப்பவர்தான் உண்மையான பிரேக். அதனால் உங்களில் பலசாலி யாரோ அவரைப் பின்னால் நிறுத்துங்கள்.

என்ஜினைப் போட்டு ஏற்றலாமா? கப்சாயில் வேண்டாம். கையில் கிளட்ச் இல்லாததால், திராட்டில் கொஞ்சம் கூடினால் பாய்ந்துவிடும், நிறுத்த நேரம் இருக்காது. நூறு கிலோவை இரண்டு பேர் தள்ளிவிடலாம். உட்கார்ந்து ஓட்டி ஏற்றுவது எந்த மோட்டாருக்கும் கூடாது. தளத்தின் விளிம்பில் வண்டி நின்றுவிட்டால் கால் ஊன்ற உங்களுக்குத் தரை இருக்காது.

நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஏற்றுங்கள். "ஒண்ணு, ரெண்டு" என்று ஒருவர் மட்டும் குரல் கொடுக்க வேண்டும்.

5. முன் சக்கரத்துக்கு ஓர் இடம்

மோட்டாரைத் தளத்தின் நடுவில், நேராக, முன் சக்கரம் கேபினுக்குப் பின்னால் உள்ள தடுப்பில் முட்டும்வரை கொண்டுபோங்கள். லோரி பிரேக் பிடிக்கும்போது முன்னால் தள்ளும் பாரத்தைப் பெல்ட் தாங்குவதைவிட அந்தத் தடுப்பு தாங்குவது நல்லது.

இடையில் பழைய கார் டயரை வைப்பவர்கள் உண்டு, மெத்தை மாதிரி இருக்குமாம். நான் வைக்க மாட்டேன். டயர் அமுங்க அமுங்க மோட்டார் முன்னால் போகும், பின் பெல்ட் இறுகும், முன் பெல்ட் தொங்கும். முட்டுவது கெட்டியான பொருளில்தான் முட்ட வேண்டும்.

தளம் பலகையாக இருந்தால், முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் கட்டைத் துண்டு வைத்து ஆணி அடித்துவிடுங்கள். சக்கரம் பக்கவாட்டில் நகராமல் இருக்க அது போதும். இரும்புத் தளமாக இருந்தால் கீழே பழைய ரப்பர் பாயைப் போடுங்கள்.

அப்புறம் ஸ்டாண்ட். பக்க ஸ்டாண்டும் கூடாது, நடு ஸ்டாண்டும் கூடாது. மோட்டார் தன் இரண்டு டயரில்தான் நிற்க வேண்டும். கப்சாயில் நடு ஸ்டாண்ட் இருப்பதால் புதியவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் போடுகிறார்கள், பார்க்க நேராக நிற்கும். குழியில் இறங்கும்போது மோட்டார் முன்னால் ஆடும், ஸ்டாண்ட் மடங்கும், அந்த நொடியில் நான்கு பெல்ட்டும் தளர்ந்துபோகும். பக்க ஸ்டாண்ட் போட்டு மேலிருந்து இழுத்துக் கட்டினால் ஸ்டாண்ட் பொருந்திய இடமே வளைந்துவிடும்.

முன் பிரேக்கை அழுத்தி, டியூப் ரப்பரால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். கப்சாயையும் ஸ்கூட்டரையும் கியரில் விட்டுவிட்டு நம்ப முடியாது. என்ஜின் நின்றிருக்கும்போது அவற்றின் கிளட்ச் முழுசாகப் பிடித்துக்கொண்டிருக்காது. கையால் கிளட்ச் பிடிக்கும் மோட்டார் என்றால் முதல் கியரில் விடலாம்.

6. முன்பக்கப் பெல்ட் இரண்டும்

வேலையில் பாதி இதுதான். மோட்டாரை நிற்க வைப்பது முன் பெல்ட்கள். பின் பெல்ட்கள் அது நகராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

எங்கே கட்டுவது? கப்சாயின் ஹேண்டிலைச் சுற்றி பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. அதில் பெல்ட் போட்டால் மூடி வெடிக்கும், உள்ளே வயர் நசுங்கும். முன் மட்கார்டுக்கு மேலே, ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பின்) இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள், தெரியும். சாஃப்ட் லூப்பை அதன் மேல் விட்டுச் சுற்ற வேண்டும், வலத்தில் ஒன்று, இடத்தில் ஒன்று. பிரேக் ஹோஸும் மீட்டர் கேபிளும் அந்த இடத்தில்தான் போகின்றன. லூப் அவற்றின் மேல் ஏறியிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஃபோர்க்கின் கீழ்ப்பாதியில், சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டினால் பிரயோஜனம் இல்லை. அந்தப் பகுதி சக்கரத்தோடு சேர்ந்தது, ஸ்பிரிங் அமுங்காது.

ஸ்பிரிங் அமுங்க வேண்டும். இதுதான் முழு விஷயமும். பெல்ட் மோட்டாரைப் பிடித்திருந்தால் மட்டும் போதாது, கீழே இழுத்திருக்க வேண்டும். ஸ்பிரிங்கை அமுக்காமல் பெல்ட்டை விறைப்பாக மட்டும் கட்டியிருந்தால், லோரி குழியில் விழுந்து எழும்போது மோட்டார் தன் எடையால் அமுங்கும், பெல்ட் ஒரு கணம் தொங்கும், கொக்கி வளையத்திலிருந்து நழுவும். ஸ்பிரிங் முன்கூட்டியே அமுங்கியிருந்தால் அது எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், பெல்ட் தொங்காது.

கடை தொடங்கிய புதிதில் ஒரு தடவை எனக்கே கொக்கி கழன்றது. கோலகங்சார் போய்ச் சேர்வதற்குள் மோட்டார் லோரியின் பக்கக் கதவில் சாய்ந்து கிடந்தது. பிரேக் லீவர் ஒடிந்து, முன் கவசம் பிளந்திருந்தது. பெல்ட்டில் ஒரு நூல்கூட அறவில்லை.

பெல்ட்டை இரண்டு பக்கமும் முன்னோக்கியும் வெளிப்பக்கமாகவும் கீழே கொண்டுபோய், தளத்தின் ஓரத்தில் உள்ள வளையத்திலோ அடிச்சட்டத்திலோ மாட்டுங்கள். முன்னால் நின்று பார்த்தால் இரண்டு பெல்ட்டும் கூடாரத்துக் கயிறு மாதிரி விரிந்து, ஏறக்குறைய 45 பாகையில் நிற்க வேண்டும். நெட்டாக இறங்கினால் பக்கவாட்டில் பிடிக்காது, படுத்துக் கிடந்தால் கீழே இழுக்காது. மடித்துத் திறக்கும் பக்கக் கதவில் மாட்டவே கூடாது. கதவின் தாழ்ப்பாள் அந்த இழுவைக்குச் செய்ததில்லை.

ராட்செட்டில் பெல்ட்டைக் கோர்ப்பதில் எல்லோரும் திணறுகிறார்கள். வால் முனையை நடு உருளையின் பிளவுக்குள் கீழிருந்து விட்டு, மேலே எடுத்து, தொங்கல் முழுவதையும் கையால் இழுத்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் கைப்பிடியை ஆட்ட வேண்டும். தொங்கலை வைத்துக்கொண்டே ஆட்டினால் உருளை நிறையப் பட்டை சுற்றி, இறுகும் முன்பே அடைத்துக்கொள்ளும். இரண்டு, மூன்று சுற்று சுற்றியிருந்தால் சரியாக இருக்கும். ஒரு சுற்றுக்கும் குறைவாக இருந்தால் நழுவும்.

இறுக்கும் முன் ஹேண்டில் முனையிலிருந்து தளம் வரை டேப்பால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும். அப்புறம் இந்தப் பக்கம் மூன்று தட்டு, அந்தப் பக்கம் மூன்று தட்டு என்று மாறி மாறி இறுக்குங்கள். ஒரே பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் மோட்டார் சாய்ந்துவிடும், பிறகு நேராக்கவே முடியாது. இந்த வேலை முடியும்வரை ஒருவர் மோட்டாரைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கப்சாய்க்கு இரண்டு பக்கமும் 3 முதல் 4 சென்டிமீட்டர் இறங்கினால் போதும். ஃபோர்க் அமுங்கக்கூடிய தூரத்தில் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வரும். பெரிய மோட்டாருக்கும் அந்த மூன்றில் ஒரு பங்குதான் கணக்கு. அடிவரை அமுக்குபவர்களும் இருக்கிறார்கள். நான்கு மணி நேரம் அப்படி நின்றால் எண்ணெய் சீல் கசியத் தொடங்கும். குழியில் அமுங்க ஸ்பிரிங்கில் மிச்சமும் இருக்காது, அதிர்ச்சி எல்லாம் பெல்ட்டுக்கே போகும்.

கைப்பிடியை முழுசாக மடக்கி, பூட்டு விழும் 'டக்' சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். மிச்ச வாலைச் சுருட்டி ரப்பரால் கட்டுங்கள். காற்றில் படபடக்கும் வால் லோரியின் சக்கரத்தில் சிக்கும். கொக்கிகளின் வாயையும் டியூப் ரப்பரால் சுற்றிவிடுங்கள்.

7. பின்பக்கப் பெல்ட்கள்

பின் கம்பி சட்டத்தோடு போல்ட் போட்டிருந்தால் அதில் லூப் போட்டு, இரண்டு பக்கமும் பின்னோக்கியும் வெளிப்பக்கமாகவும் இழுங்கள். கம்பி ஆட்டம் கண்டிருந்தால் சீட்டுக்கு அடியில் சட்டத்தைத் தேடுங்கள். மட்கார்டு, சிக்னல் விளக்கு, புகைக்குழாய் மூன்றிலும் பெல்ட் படக் கூடாது. பின்பக்கத்தை முன்பக்கம் அளவுக்கு இறுக்க வேண்டாம். அதிகம் இழுத்தால் முன் சக்கரம் தடுப்பிலிருந்து விலகி வந்துவிடும். இறுக்கிய பிறகு முன்னால் போய்ப் பாருங்கள், சக்கரம் இன்னும் முட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

8. ஆட்டிப் பாருங்கள்

சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துப் பலமாக ஆட்டுங்கள். மோட்டார் ஆடினால் லோரியும் கூடவே ஆட வேண்டும். மோட்டார் மட்டும் ஆடினால் எங்கோ தொங்கல் இருக்கிறது.

கன்வாஸ் போட்டு மூட நினைப்பவர்கள் விட்டுவிடுங்கள். காற்று உள்ளே புகுந்து பாய்மரம் மாதிரி இழுக்கும், கன்வாஸ் உரசிய இடமெல்லாம் பெயிண்ட் மங்கிவிடும். மழையில் நனைந்தால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது.

9. வழியில்

முதல் நிறுத்தம் தோட்டத்துச் செம்மண் சாலை தார்ச்சாலையைத் தொடும் இடம். பெல்ட், லூப், டயர் எல்லாம் தங்கள் இடத்தில் படிந்து உட்காருவது அந்தக் குலுங்கலில்தான். அநேகமாக எல்லாத் தடவையும் இங்கே ஒன்றிரண்டு தட்டு இறுக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, இருபது நிமிடம் கழித்து. வடக்கே போகிறவர்கள் குனோங் செமாங்கோல் ஓய்விடத்தில் தே தாரிக் குடிக்க நிற்கும்போது மூன்றாவது தடவை பாருங்கள். கையால் தட்டினால் பெல்ட் கும்மென்று அதிர வேண்டும். தொளதொளவென்று இருந்தால் இறுக்குங்கள்.

மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போக அவசியமே இல்லை. வேகத்தடையில் முழுசாக மெதுவாக்குங்கள்.

10. டிரெய்லரில் என்றால்

கட்டும் முறை அப்படியே இதுதான். கூடுதலாகக் கவனிக்க வேண்டியது எடை நிற்கும் இடம். மோட்டாரின் பாரம் டிரெய்லரின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு, டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொக்கிப் பந்தில் அழுத்தினால் சரி. பின்னால் அதிகம் போனால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், அதைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டுங்கள், பந்து கழன்றால் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலி தாங்கும். பிரேக் விளக்கையும் சிக்னலையும் ஒருவரைப் பின்னால் நிறுத்திச் சரிபாருங்கள். டிரெய்லருக்கும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவு வேண்டும். பதிவில்லாததை இரவல் வாங்காதீர்கள்.

11. இறக்குவது

எல்லோரும் களைத்திருக்கும் நேரம். பிள்ளை ஹாஸ்டல் சாவி வாங்க ஓடிவிடும், அப்பா தனியாக பெல்ட்டைக் கழற்றத் தொடங்குவார். பொறுங்கள், இரண்டாவது ஆள் வரட்டும்.

பலகையை முதலில் போட்டுக் கட்டுங்கள். பிறகு பின் பெல்ட் இரண்டும். முன் பெல்ட்கள் கடைசி. ஒருவர் மோட்டாரின் இடப்பக்கம் இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து, இடுப்பை சீட்டோடு அணைத்து நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இன்னொருவர் முன் ராட்செட்டைத் தொடலாம். முதலில் வலப்பக்கத்தை விடுங்கள். அமுங்கியிருந்த ஸ்பிரிங் சட்டென்று எழும்பும், மோட்டார் இன்னும் கட்டியிருக்கும் இடப்பக்கம் சாயும். அங்கேதான் பிடித்திருப்பவர் நிற்கிறார், அவர் மேல் சாய்ந்தால் தாங்கிக்கொள்வார். இடப்பக்கத்தை முதலில் விட்டால் மோட்டார் ஆளில்லாத வலப்பக்கம் சாயும். அந்தப் பக்கமாக விழும் மோட்டாரை ஹேண்டிலை மட்டும் பிடித்து நிறுத்த முடியாது.

ராட்செட்டைத் திறக்க, உள்ளே இருக்கும் சின்னப் பூட்டை விரலால் இழுத்தபடி கைப்பிடியைத் தட்டையாக முழுசாக விரிக்க வேண்டும். முகத்தை அதன் மேலே வைக்காதீர்கள்.

பிரேக்கில் கட்டிய ரப்பரை அவிழ்த்து, மோட்டாரைப் பின்பக்கமாகவே, ஒவ்வோர் அடியாக இறக்குங்கள். பின்னால் ஒருவர் பக்கவாட்டில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்ளட்டும். இறங்கும்போதும் முன் பிரேக் பாதிதான் உதவும். கீழே வந்ததும் ஃபோர்க்கை நான்கைந்து தடவை அழுத்திவிட்டு, எண்ணெய் வளையம் தெரிகிறதா என்று விரலால் துடைத்துப் பாருங்கள். கண்ணாடிகளை மாட்டி, பெட்ரோல் குழாயைத் திறந்து, பிரேக் இரண்டையும் ஒரு தடவை பிடித்துப் பார்த்த பிறகு சாவியைப் பிள்ளை கையில் கொடுங்கள்.